கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள்

பி வைட்டமின்களின் பட்டியலை முதல்முறை முழுதாகப் பார்த்தபோது, இதை யாரோ சரியாகப் பராமரிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது. பி1, பி2, பி3 இருக்கின்றன. பி4 இல்லை. ஐந்து, ஆறு, ஏழு உண்டு, எட்டைக் காணோம். ஒன்பதுக்குப் பிறகு நேராகப் பன்னிரண்டு. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரிப் பட்டியல் பழக்கம்தான். அவசரத்தில் யாரோ ஒரு எண்ணைக் கொடுத்திருப்பார்கள். பின்னால் அது தேவையில்லை என்று தெரிந்து நீக்கியிருப்பார்கள். மற்ற எண்களை மாற்றினால் எங்கே எது உடையுமோ என்ற பயத்தில் ஓட்டையை அப்படியே விட்டிருப்பார்கள்.

இங்கேயும் கிட்டத்தட்ட அதே கதைதான். தவிட்டிலும் ஈஸ்ட்டிலும் தண்ணீரில் கரையக்கூடிய ஒரே ஒரு பொருள் இருக்கிறது, அதுதான் 'பி' என்று முதலில் நினைத்தார்கள். பிரிக்கப் பிரிக்க உள்ளே ஒரு கூட்டமே இருந்தது. வரிசையாக எண் கொடுத்தார்கள். அதில் சிலவற்றை உடம்பே செய்துகொள்ளும் என்று பிறகு தெரிந்தது, சில வேறு பெயரில் ஏற்கெனவே பட்டியலில் இருந்தவை. கழித்ததுபோக மிஞ்சியது எட்டு. இந்த எட்டுக்கும் வேதியியல் ரீதியாக ரத்த உறவு எதுவும் கிடையாது. ஒரே காம்பவுண்டில் குடியிருப்பவர்கள், அவ்வளவுதான்.

இவை என்ன செய்கின்றன? நம் நொதிகளில் பல, தனியாக ஓடாத புரோகிராம்கள். வெளியிலிருந்து ஒரு லைப்ரரியை அழைத்தால்தான் ஓடும். பி1, அதாவது தயமின், இல்லாவிட்டால் சோற்றிலிருந்து வந்த குளுக்கோஸ் பாதி வழியில் பைருவேட்டாக நின்றுவிடும், அடுத்த கட்டத்துக்குள் நுழையாது. பி2வும் பி3யும் எலெக்ட்ரான்களை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போகும் சுமைகூலிகள். பி5, மாவுச்சத்தும் கொழுப்பும் வந்து சேரும் ஜங்ஷனான கோஎன்சைம்-ஏவின் ஒரு துண்டு. பி6 அமினோ அமிலங்களைப் பிரித்து மாற்றும் வேலையில் இருக்கிறது. பி7 பயோட்டினை முடி வளரும் என்று சொல்லி விற்கிறார்கள். பற்றாக்குறை இல்லாதவருக்கு அதனால் முடி வளரும் என்பதற்கு நல்ல சான்று கிடையாது. மிச்சம் பி9 என்கிற ஃபோலேட், பி12 என்கிற கோபாலமின். இந்த இரண்டும் ஒரே ஒரு கார்பன் அணுவைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்து, டிஎன்ஏ உருவாவதற்கு வழி செய்கின்றன. நான் சொல்ல வந்தது இவை இரண்டைப் பற்றித்தான்.

அதற்கு முன் ஒன்று. 'தெம்பு தரும்' என்று விளம்பரம் செய்கிறார்களே, இவற்றில் தெம்பு எதுவும் கிடையாது. ஒரு கலோரிகூட இல்லை. தெம்பு சோற்றில் இருக்கிறது, அதை எடுக்க உதவும் கருவிகள்தான் இவை. போதுமான அளவு உள்ளவர் மேலும் விழுங்கினால் சிறுநீர் மஞ்சளாகும். அந்த மஞ்சள் பி2வின் நிறம். பி6ஐ மட்டும் அளவுக்கு மீறி நெடுநாள் விழுங்கினால் அதுவே நரம்பைக் கெடுக்கும்.

நான் இந்தப் பட்டியலுக்குள் வந்தது அப்பாவின் வலது கால் செருப்பு வழியாக.

*

அப்பாவுக்கு அறுபத்தேழு. திருநெல்வேலி டவுனில் வீடு. வேலையில் இருந்த காலத்திலிருந்தே விடியற்காலையில் ரத வீதிகளை ஒரு சுற்றுச் சுற்றுவது பழக்கம். மூன்று வருடங்களுக்கு முன் ஒருநாள் அம்மா போன் செய்தாள். "அப்பா ஒத்தச் செருப்போட வந்து நிக்காவ. எங்க போச்சுன்னு கேட்டா தெரியலங்காவ." அம்மா சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அடுத்த வாரம் மறுபடியும். இந்தமுறை அம்மா சிரிக்கவில்லை.

"பஞ்சு மேல நடக்க மாதிரி இருக்குடே" என்றார் அப்பா. நாக்கு எரிகிறது, மோரில்கூட உப்பு தெரியவில்லை என்றார். எல்லாவற்றுக்கும் கோபம் வந்தது. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. தினமும் குளித்துவிட்டுப் பூசை அறையில் ஒரு பதிகம் பாடுவார். ஏடு பார்க்கமாட்டார், ஐம்பது வருஷப் பழக்கம். அவர் நாலாவது பாட்டிலோ ஐந்தாவது பாட்டிலோ நின்றுபோக ஆரம்பித்தார். அம்மா அடுப்படியிலிருந்து அடுத்த அடியை எடுத்துக்கொடுப்பாள். அவர் அதைப் பிடித்துக்கொண்டு தொடரமாட்டார், அப்படியே வெளியே வந்துவிடுவார். தாத்தாவுக்குக் கடைசியில் பிள்ளைகள் பெயர் மறந்துபோனது. அதை நேரில் பார்த்தவர் அப்பா. அவர் எதை நினைத்துப் பயந்தார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் வாய் திறக்கவில்லை.

வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "சுகர் இருந்தா கால் மரக்கத்தான் செய்யும், வயசும் ஆகுது" என்றார். தப்பில்லாத வாக்கியம். பதினான்கு வருடச் சர்க்கரை, பதினான்கு வருட மெட்ஃபார்மின். நெஞ்செரிச்சலுக்குத் தினம் காலையில் ஒரு பான்டோப்ரசோல். இரண்டு வருடம் முன்பு சோர்வு என்று போனபோது ஹீமோகுளோபின் 11 இருந்ததால், அதே கிளினிக்கில் இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அதை அப்பா ஒருநாள்கூட விடாமல் போட்டுவந்தார். ஹீமோகுளோபின் 13.4க்கு ஏறியிருந்தது. ரத்தம் நன்றாக இருக்கிறது என்று ரிப்போர்ட்டில் டிக் அடித்துக் கொடுத்திருந்தார்கள். அந்த ரிப்போர்ட்டைப் பிறகு நான் பலமுறை எடுத்துப் பார்த்தேன். எல்லா எண்களும் வரம்புக்குள். டேஷ்போர்டு முழுக்கப் பச்சை.

*

இல்லாத ஒன்றால் நோய் வரும் என்பதை மனித மூளை சுலபத்தில் ஏற்றுக்கொள்வதில்லை. நோய் என்றால் ஏதோ உள்ளே வந்திருக்க வேண்டும்: கிருமி, விஷம், கண்ணேறு. பி வைட்டமின்களின் வரலாறு முழுக்கவும் இந்தப் பிடிவாதத்தின் வரலாறுதான்.

1886இல் பெரிபெரி நோயின் கிருமியைக் கண்டுபிடிக்க டச்சு அரசு ஒரு குழுவை ஜாவாவுக்கு அனுப்பியது. அதில் இளையவர் கிறிஸ்டியான் எய்க்மான். கால்கள் மரத்து, வீங்கி, இதயம் நின்று ஆட்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். எய்க்மான் கோழிகளுக்கு நோயாளிகளின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். ஏற்றிய கோழிகளுக்கும் நோய் வந்தது, ஏற்றாத கோழிகளுக்கும் வந்தது. திடீரென்று ஒருநாள் எல்லாக் கோழிகளும் தேறிவிட்டன. விசாரித்தால் காரணம் சமையலறையில் இருந்தது. ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்குப் போட்டுவந்திருக்கிறார்கள். புதிதாக வந்த சமையல்காரர், ராணுவச் சோற்றை சிவிலியன் கோழிகளுக்குத் தரமுடியாது என்று நிறுத்திவிட்டார். கோழிகள் தீட்டாத அரிசிக்கு மாறின, பிழைத்தன. பெயர் தெரியாத அந்தச் சமையல்காரரின் அதிகாரவர்க்க மனோபாவத்துக்கு மருத்துவ உலகம் நிறையக் கடன்பட்டிருக்கிறது.

அவருடைய நண்பர் ஃபோர்டர்மான் ஜாவாவின் சுமார் நூறு சிறைகளில் கணக்கெடுத்தார். தீட்டிய அரிசி போட்ட சிறைகளில் 39 பேருக்கு ஒருவருக்கு பெரிபெரி. தீட்டாத அரிசி போட்ட சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவர். இவ்வளவு தெளிவான எண்ணைக் கையில் வைத்துக்கொண்டும் எய்க்மான் என்ன நினைத்தார் தெரியுமா? வெள்ளை அரிசியில் ஒரு விஷம் இருக்கிறது, தவிட்டில் அதற்கு முறிவு இருக்கிறது என்று. விஷமும் இல்லை, முறிவும் இல்லை, அரிசியில் ஏதோ ஒன்று குறைகிறது என்று 1901இல் சொன்னவர் அவருக்கு அடுத்து அந்த வேலையை எடுத்துக்கொண்ட கெரிட் கிரைன்ஸ். நோபல் பரிசு 1929இல் எய்க்மானுக்குப் போனது.

ஜப்பானில் இன்னும் மோசம். கடற்படை மருத்துவர் தகாகி, 1880களிலேயே மாலுமிகளின் உணவை மாற்றி பெரிபெரியை ஏறக்குறைய ஒழித்துவிட்டார். புரதக் குறைவுதான் காரணம் என்று நினைத்தார். காரணம் தவறு, வைத்தியம் சரி. தரைப்படை அதை ஏற்கவில்லை. ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த அதன் மருத்துவர்கள், கிருமியைக் காட்டு என்றார்கள். அவர்களில் முக்கியமானவர் மோரி ரின்தாரோ. இலக்கிய வாசகர்களுக்கு அவரை மோரி ஓகாய் என்று சொன்னால்தான் தெரியும், நவீன ஜப்பானிய உரைநடையின் முன்னோடிகளில் ஒருவர். 1904-05 ரஷ்யப் போரில் ஜப்பானியத் தரைப்படையில் பெரிபெரியால் மட்டும் சுமார் 27,000 பேர் இறந்தார்கள். மனித மனத்தின் நுட்பங்களை எழுதிய ஒருவர், தட்டில் இருந்த வெள்ளைச் சோற்றைச் சந்தேகிக்கவில்லை. அவருடைய மொழிபெயர்ப்புகளைப் படிக்கும்போது இந்த எண் எனக்கு நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

நம் ஆட்களும் இந்தக் கதையில் வருகிறார்கள். மலாயாவில் ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியில் கொத்துக்கொத்தாக விழுந்தபோது, தமிழ்த் தொழிலாளர்களுக்கு அது அரிதாகவே வந்தது. பிராடன் என்ற மருத்துவர் அதைக் கவனித்து 1907இல் ஒரு புத்தகமே எழுதினார். சீனர்கள் சாப்பிட்டது தீட்டிய சயாம் பச்சரிசி. தமிழர்கள் சாப்பிட்டது புழுங்கலரிசி. நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைக்கும்போது தவிட்டில் இருக்கும் தயமின் தண்ணீரோடு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எவ்வளவு தீட்டினாலும் முழுதாகப் போகாது. கோலாலம்பூர் மனநலக் காப்பகத்தில் பிளெட்சர் என்பவர் பிராடன் சொல்வது சரியா என்று சந்தேகப்பட்டு, பாதிப் பேருக்குப் பச்சரிசி, பாதிப் பேருக்குப் புழுங்கலரிசி என்று போட்டுப் பார்த்தார். பிராடன் சொன்னதுதான் சரி. இன்று படித்தால் கூசுகிற சோதனை. அனுமதி கேட்கத் தேவையில்லாத மனிதர்கள் என்பதால்தான் அவர்களை எடுத்திருக்கிறார்கள்.

கல்யாணப் பந்தியில் வெள்ளை வெளேரென்ற பச்சரிசிச் சோறுதான் மரியாதை என்றும், புழுங்கல் அன்றாடத்துக்கானது என்றும் நம் வீடுகளில் இருந்த எண்ணம் வேறு கதை. மதராஸ் மாகாணத்திலேயே பச்சரிசி புழங்கிய தெலுங்குக் கடலோர மாவட்டங்களில் பெரிபெரி நெடுங்காலம் இருந்தது. புழுங்கல் புழங்கிய தெற்கு தப்பித்தது. யாரும் சத்துக்காகப் புழுக்கவில்லை. அரிசி உடையாது, பூச்சி பிடிக்காது என்பதற்காகத்தான்.

*

மருத்துவத்தை விட்டுவிட்டு ஆட்களைப் பற்றிக் கொஞ்சம். தயமினை ஆய்வகத்தில் செய்து காட்டியவர் ராபர்ட் வில்லியம்ஸ், 1936இல். அவர் பிறந்தது நெல்லூரில், பாப்டிஸ்ட் மிஷனரிகளின் மகன். பகல் வேலை பெல் டெலிபோன் ஆய்வகத்தில். அவருடைய தம்பி ரோஜர் வில்லியம்ஸ் பிறந்தது ஊட்டியில். பி5ஐக் கண்டுபிடித்தவர் அவர். 1941இல் டன் கணக்கில் கீரையைப் பிழிந்து ஃபோலிக் அமிலத்தைப் பிரித்து, இலைக்கு உரிய லத்தீன் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் வைத்ததும் அவர் குழுதான். இருவரும் சின்ன வயதிலேயே அமெரிக்கா போய்விட்டார்கள் என்றாலும், மெட்ராஸ் பிரசிடென்சிக்காரர்கள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை.

அந்த ஃபோலிக் அமிலத்தின் தடம் முதலில் கிடைத்ததும் இங்கேதான். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்தார். ஜவுளி மில்களில் வேலை செய்த கர்ப்பிணிகள் கடுமையான ரத்தசோகையில் இறந்துகொண்டிருந்தார்கள். ரத்த அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்து, அளவில் ஊதிப் பெரிதாகியிருந்தன. குன்னூரில் எலிகளை வைத்தும், சென்னையில் கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலையைத் தொடர்ந்தார். கடைசியில் அவர்களைத் தேற்றியது மார்மைட், ரொட்டியில் தடவிச் சாப்பிடும் மலிவான ஈஸ்ட் சாறு. அதில் இருந்த பெயர் தெரியாத பொருளைக் கொஞ்ச காலம் 'வில்ஸ் ஃபேக்டர்' என்றே அழைத்தார்கள்.

அதைச் செயற்கையாகச் செய்யும் வழியை 1945இல் கண்டடைந்த குழுவின் தலைவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் கட்டியதால் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியே வந்தார். அவருடைய சகோதரர்கள் இருவரை சில நாட்கள் இடைவெளியில் ஸ்ப்ரூ என்ற குடல்நோய் கொண்டுபோனது. சத்து எதுவும் உடம்பில் ஒட்டாமல் போகும் நோய் அது. அதற்கு மருந்தாகும் பொருளை, அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியின் ஆய்வகத்தில், இருபத்தைந்து வருடம் கழித்து அவர் செய்தார். 1948இல் ஐம்பத்து மூன்று வயதில் இறந்துபோனார்.

அப்பாவின் மேசை டிராயரில் இருந்த அட்டையில் ஒவ்வொரு மாத்திரையிலும் சுப்பாராவ் கொஞ்சம் இருந்தார். அப்பாவின் கால் தொலைந்ததற்கும் அந்த மாத்திரைக்கும் தொடர்பு இருக்கிறது.

*

ஃபோலேட்டும் பி12ம் சந்திக்கும் இடத்தை நான் இப்படிப் புரிந்துகொண்டேன். ஃபோலேட் ஒரு கார்பனைச் சுமந்துகொண்டு வருகிறது. அதை இறக்கிவைக்க பி12 கையை நீட்ட வேண்டும். இறக்கிவைத்தால்தான் ஃபோலேட் காலியாகி, டிஎன்ஏ செய்யும் வேலைக்குப் போகமுடியும். பி12 இல்லையென்றால் ஃபோலேட் சுமையோடு அப்படியே நிற்கும். உடம்பில் ஃபோலேட் இருக்கும், பயன்படாது. எங்கள் மொழியில் இதை டெட்லாக் என்போம். டிஎன்ஏ தட்டுப்பாட்டால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் பிரிய முடியாமல் ஊதிக்கொண்டே போகும். ரத்தசோகை வரும். பி12 குறைகிறது என்பதற்கு உடம்பு அடிக்கும் முதல் மணி பலருக்கு அதுதான்.

இப்போது வெளியிலிருந்து மாத்திரையாக ஃபோலிக் அமிலத்தைக் கொட்டினால் என்ன ஆகும்? அது வேறு வாசல் வழியாக, சுமை இல்லாமல், உள்ளே வரும். பி12ன் கை தேவையில்லை. டிஎன்ஏ வேலை மறுபடி ஓடும். ரத்தம் ஏறும். மணி நின்றுவிடும். ஆனால் பி12க்கு நரம்புப் பக்கம் இருக்கும் வேலைகளை ஃபோலிக் அமிலத்தால் செய்யமுடியாது. நரம்புகளுக்கு மேல் வயர் இன்சுலேஷன் மாதிரி மயலின் என்ற உறை உண்டு. பி12 இல்லாத இடத்தில் அது உரிந்துகொண்டே போகும், சத்தமில்லாமல். 1940களில் ஃபோலிக் அமிலம் புதிதாக வந்தபோது, பி12 குறைவால் வரும் கொடிய ரத்தசோகைக்கு அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் அழகாகத் தேறியது. நோயாளிகளின் கால்கள் விழுந்தன. அப்போதே பாடப்புத்தகத்தில் ஏறிவிட்ட விஷயம். எழுபது வருடம் கழித்தும், இரும்பும் ஃபோலிக் அமிலமும் எழுதிக் கொடுக்கும் முன் ஒரு சைவ சர்க்கரை நோயாளிக்கு பி12 பார்க்கத் தோன்றவில்லை என்பதில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. 'முழு உடல் பரிசோதனை' என்று ஆயிரக்கணக்கில் வாங்கும் பேக்கேஜ்கள் பலவற்றில் இன்றைக்கும் அது தனிக் கட்டணம்.

பிறகு ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். நாற்பது வயது இருக்கும் அந்த அம்மாவுக்கு. ஸ்கேன் எதுவும் கேட்கவில்லை. ஒரு இசைக்கவையைத் தட்டி அப்பாவின் நெற்றியில் வைத்தார். "அதிர்வு தெரியுதா சார்?" தெரிந்தது. மணிக்கட்டில் வைத்தார், தெரிந்தது. கால் கட்டைவிரலில் வைத்தார்.

"வச்சிட்டீங்களா?" என்று கேட்டார் அப்பா.

அடுத்து எழுந்து நிற்கச் சொன்னார். பாதங்களைச் சேர்த்து. நின்றார். "இப்ப கண்ணை மூடிக்கிட்டு நில்லுங்க. பயப்படாதீங்க, நான் பிடிச்சுக்கிடுதேன்." கண்ணை மூடிய இரண்டாவது நொடியில் அப்பா வேரறுந்த மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தார். சொன்னபடியே பிடித்துக்கொண்டார் அவர். ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டுப் பழைய சோதனை, ரோம்பெர்க் என்ற பெர்லின் மருத்துவரின் பெயரால் வழங்குவது. நம் கால் எங்கே இருக்கிறது என்று மூளைக்கு மூன்று பேர் சொல்கிறார்கள்: கண், உள்காது, பாதத்திலிருந்து தண்டுவடத்தின் பின்பக்கமாக ஏறிப்போகும் நரம்புகள். மூன்றாவது ஆள் வேலையை விட்டுப் போயிருந்தார். அப்பா இத்தனை நாளும் நடந்தது கண்ணால்தான். விடியற்காலை இருட்டில்தான் செருப்பு தொலைந்தது என்பது எனக்கு அப்போது உறைத்தது.

"முட்டை சாப்பிடுவீங்களா?"

"சைவம்."

"பால், தயிர்?"

"சுகருக்காகக் கொறச்சாச்சு. மோர்தான், தண்ணி மோர்."

"மெட்ஃபார்மின் எத்தன வருஷம்? காலையில வெறும் வயித்துல கேஸ் மாத்திரையா?" அவர் கேள்விகளை அடுக்கும்போதே விடை அவருக்குத் தெரிந்துவிட்டது. உணவில் வருவது குறைவு. வந்ததைப் புரதத்திலிருந்து பிரிக்க வயிற்று அமிலம் வேண்டும், அதை ஒரு மாத்திரை அடக்குகிறது. பிரிந்ததைச் சிறுகுடலின் கடைக்கோடியில் உறிஞ்ச வேண்டும், அதை இன்னொரு மாத்திரை குறைக்கிறது. மூன்றாவது மாத்திரை எச்சரிக்கை மணியை அமுக்குகிறது. ஒவ்வொன்றும் தனித்தனியாக நியாயமான மருந்து. மறுநாள் ரிசல்ட் வந்தது. 104. இருநூறுக்கு மேல் இருக்க வேண்டும்.

ஒரு ஆளுக்கு ஒருநாளைக்குத் தேவைப்படும் பி12, இரண்டு அல்லது இரண்டரை மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. உடம்பு சில மில்லிகிராம்களைப் பெரும்பாலும் ஈரலில் சேர்த்து வைத்திருக்கிறது, அதை வைத்தே வருடக்கணக்கில் ஓட்டிவிடும். அதனால்தான் பழியை எந்தத் தேதியிலும் சுமத்த முடிவதில்லை. கையிருப்பு எப்போது கரைய ஆரம்பித்தது என்று யார் சொல்ல முடியும்.

*

ஊசி சிவப்பாக இருந்தது, மாதுளம் சாறு மாதிரி. நடுவில் ஒரு கோபால்ட் அணு இருப்பதால் வந்த நிறம். அப்பா ஊசிக் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, நான் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

"இத எதுல இருந்து எடுக்கான்?"

பொய் சொல்லவேண்டிய அவசியம் இல்லாமல் போனது எங்கள் அதிர்ஷ்டம். 1926இல் கேட்டிருந்தால் பதில் வேறு. அப்போது கொடிய ரத்தசோகைக்கு மைனாட், மர்பி என்ற இருவர் கண்டுபிடித்த வைத்தியம், தினமும் நிறைய ஈரல் தின்பது. அடுத்து வந்த வில்லியம் கேஸில் ஒரு படி மேலே போனார். தான் மாட்டிறைச்சி தின்று, கொஞ்ச நேரம் கழித்து அதை வயிற்றிலிருந்து வெளியே எடுத்து, நோயாளிகளுக்குக் குழாய் வழியாகக் கொடுத்தார். அவர்கள் தேறினார்கள். பி12ஐ உறிஞ்ச வயிறு சுரக்கும் இன்னொரு பொருளும் வேண்டும் என்று அப்படித்தான் தெரிந்தது. நல்லவேளை, 1948இல் சிவப்புப் படிகமாக பி12 தனியே பிரிந்து வந்துவிட்டது. அதன் கட்டமைப்பை டோரதி ஹாட்ஜ்கின் எட்டு வருடத்தில் எக்ஸ்ரே படங்களிலிருந்து கணித்தார். அதற்கான கணக்குகளை லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்வாக் என்ற ஆரம்பகாலக் கம்ப்யூட்டர் போட்டுக்கொடுத்தது. ஆக்ஸ்ஃபோர்டுக்கும் கலிஃபோர்னியாவுக்கும் நடுவே எண்கள் தபாலில் போய்வந்தன. என் தொழிலின் முன்னோர்கள் செய்த உருப்படியான காரியங்களில் இது ஒன்று என்று நினைத்துக்கொள்வேன்.

"பாக்டீரியாப்பா. தொட்டியில வளக்கான். ஆடு மாடு எதுவும் கிடையாது."

"அப்ப பாக்டீரியாதான் செய்யுதா?"

"அது மட்டும்தான் செய்யும். எந்தச் செடியும் செய்யாது, எந்த மிருகமும் செய்யாது."

கொஞ்சம் யோசித்தார். "மாடு சைவந்தானே. அதுக்கு எப்படிக் கெடைக்கி?"

நல்ல கேள்வி. மாட்டின் முன்வயிறு ஒரு பாக்டீரியாத் தொட்டி. புல்லில் கொஞ்சம் கோபால்ட் இருந்தால் போதும், அங்கேயே தயாராகி, கீழே குடலில் உறிஞ்சப்பட்டுவிடும். நம் பெருங்குடலிலும் பி12 செய்யும் பாக்டீரியாக்கள் இருக்கின்றன. ஆனால் உறிஞ்சும் இடம் அதற்கு முன்னால், சிறுகுடலில் முடிந்துவிடுகிறது. மடைக்குக் கீழே பெய்யும் மழை மேட்டு வயலுக்கு உதவாது.

ஊசி விஷயம் தெரிந்ததும் சொந்தத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். பழைய சோற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று சித்தப்பா ஃபார்வேர்டு அனுப்பினார். பழைய சோறு எனக்குப் பிடிக்கும், சின்ன வெங்காயத்தோடு. அதை நம்பி ஊசியைத் தள்ளிப்போட மாட்டேன். ஸ்பைருலினா சாப்பிடு என்றது ஒரு குரல். அதில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்பு பயன்படுத்த முடியாத போலி பி12. ஆனால் அத்தை கேட்டது அப்படித் தள்ளிவிடக்கூடியது அல்ல. "ஏழு தலைமுறையா சைவம். நம்ம தாத்தா ஆச்சிக்கெல்லாம் என்ன ஊசியா போட்டாவ?"

அவர்கள் வீட்டில் மாடு இருந்தது, தயிர் தண்ணீர் கலக்காத தயிர். மெட்ஃபார்மின் இல்லை, கேஸ் மாத்திரை இல்லை. யாருடைய ரத்தத்திலும் யாரும் பி12 அளந்ததில்லை, 'வயசாகிட்டா கால் தள்ளாடும்' என்று போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் எதனால் போனார்கள் என்பதற்குக் கணக்கில்லை. இன்னொன்றும் உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் பேக்கர், மாதன் ஆகியோரின் குழு, 1980இல் நேச்சர் இதழில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டது. ஆரோக்கியமான தென்னிந்தியர்களின் சிறுகுடலிலேயே, அதாவது உறிஞ்சும் இடத்துக்கு மேலேயே, பி12 செய்யும் பாக்டீரியாக்கள் இருந்தன என்று. கிணற்றுத் தண்ணீரும் மண் ஒட்டிய கையும் வளர்த்த குடல் அது. அப்பா இருபது வருடமாக ஆர்.ஓ. தண்ணீர் குடிக்கிறார், காய்கறியை மஞ்சள் தண்ணீரில் இரண்டு முறை அலசுகிறாள் அம்மா. பழைய அழுக்குக்குத் திரும்பச் சொல்லவில்லை. அந்த அழுக்கு காலராவும் கொடுத்தது. சைவம் என்பது தட்டில் இருப்பது மட்டுமல்ல, கிணறு, தொழுவம், குடலில் இருக்கும் கோடிக்கணக்கான குடித்தனக்காரர்கள் எல்லாம் சேர்ந்த ஏற்பாடாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. நாம் தட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம். அத்தையிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. "தாத்தா வீட்டு மாட்டக் கொண்டாங்க, ஊசிய நிறுத்திருவோம்" என்றேன். சிரித்துவிட்டாள்.

முதல் வாரம் தினமும் ஊசி, பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. ஒரு ஊசியில் 1000 மைக்ரோகிராம், பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும், மிச்சமே போதும். நாக்கு பத்து நாளில் ஆறியது. குழம்பில் உப்பு கூடிவிட்டது என்று அம்மாவோடு சண்டை போட்டார், அவள் சந்தோஷமாக எனக்கு போன் செய்து சொன்னாள். மூன்றாவது மாதம் ஒரு காலையில் பதிகம் பத்துப் பாட்டும் நிற்காமல் போனது. மறதி எல்லாமே பி12ஆல் வந்ததல்ல என்கிறார் டாக்டர், வயதுக்கு உரியது வயதுக்கு இருக்கிறது. இப்போதும் சாவியைத் தேடுகிறார், எல்லோரையும் போல.

கால் முழுதாக வரவில்லை. உரிந்த உறை ஓரளவுதான் திரும்ப வளரும் என்று முதலிலேயே சொல்லியிருந்தார்கள். இசைக்கவையைக் கணுக்காலில் வைத்தால் தெரிகிறது, கட்டைவிரலில் இன்னும் தெரியவில்லை. குதிகாலில் வார் வைத்த செருப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறேன். விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் ரத வீதிக்குப் போகிறார். பூசை அறையில் பாட்டைத் தொடங்கும்போது கண்ணை மூடுவார். மூடுவதற்கு முன் இடது கை போய் நிலைக்கதவின் விளிம்பைப் பிடித்துக்கொள்கிறது. பத்தாவது பாட்டு முடியும்வரை விடுவதில்லை. அந்த இடத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிய ஆரம்பித்திருக்கிறது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளை அடித்தபோது அதையும் சேர்த்து அடிக்கட்டுமா என்று கேட்டார் பெயின்டர். அம்மா வேண்டாம் என்றுவிட்டாள்.